தராசு மேடம் சொன்ன எண்

"எத்தனை மரம் நட்டா போதும் சார்?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மா கேட்டாள். இந்தப் பக்கம் உள் அறையில் உட்கார்ந்திருந்த தராசு மேடம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மரம் இப்போ எல்லாரும் நடறாங்கம்மா," என்றார் முதலாளி. "காலேஜ்காரங்களுக்கு மரம்னாலே அலுத்துப் போச்சு. பையன் படிக்கறவங்க மனசை உருக்கற மாதிரி ஏதாவது எழுதணும். வீட்ல யாருக்காவது பெரிய வியாதி வந்திருக்கா?"

"அவன் தாத்தாவுக்குச் சர்க்கரை இருக்கு."

"சர்க்கரை பத்தாதும்மா."

உலகத்தின் பெரிய பெரிய கல்லூரிகளில் எம்.பி.ஏ. படிக்க ஆசைப்படுகிறவர்கள் அந்த அலுவலகத்துக்கு வருவார்கள். எனக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும், எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கேட்பார்கள். கோப்பைப் படித்து அந்தச் சதவீதத்தைச் சொல்வதுதான் தராசு மேடத்தின் வேலை. அலுவலகத்தில் அவளை எதிரில் மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் வெறும் தராசு என்பார்கள். பட்டப்படிப்பு மார்க், நுழைவுத் தேர்வு மார்க், பார்த்த வேலை, எழுதிய கட்டுரை, பரிந்துரைக்கிற மேலதிகாரிக்கு இவன்மேல் நிஜமாகவே அபிப்பிராயம் உண்டா இல்லை ஒப்புக்கு எழுதுகிறாரா என்பது வரை அலசிவிட்டு, இன்டர்காமை எடுத்து எண்ணைச் சொல்வாள். முதலாளி "ம்" என்பார். அதோடு அவள் வேலை முடிந்தது.

அவள் எண் பிசகாது. அறுபது என்று அவள் எடை போட்டவர்களில் பத்துக்கு ஆறு பேர் உள்ளே போயிருப்பார்கள். வருஷா வருஷம் முடிவுகள் வந்ததும் தனியாக உட்கார்ந்து சரிபார்த்துக்கொள்வாள். அதில் அவளுக்கு ஒரு கர்வம். அந்தக் கர்வம் மட்டும் இல்லையென்றால் அந்த இடத்தில் ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டாள்.

ஏனென்றால் அந்த இடம் நாறியது. முன் அறையில் முதலாளி எந்நேரமும் ஒரு வாசனைத் திரவத்தைத் தெளித்துக்கொண்டே இருப்பார். ரோஜாவும் பினாயிலும் கலந்த மாதிரி ஒரு வாடை. அவள் சொல்கிற நாற்றம் அது இல்லை. ஜனவரியில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி ஆரம்பித்து, விண்ணப்பம் அனுப்பிய மறுநாளே பூட்டுப் போட்டவன் கோப்பு அவள் மேஜைமேல் இருந்தது. தன் வீட்டு டிரைவரின் வறுமையை நினைத்துப் பத்தி பத்தியாக அழுதவன் ஒருத்தன். அந்த டிரைவர் பெயரை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதியிருந்தான். பாட்டி இறந்தது போன வருஷம் என்று இருந்தால் கட்டுரைக்கு எடுப்பாக இருக்குமா, மூன்று வருஷத்துக்கு முன்பு என்று இருந்தால் நன்றாக இருக்குமா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பியவன் ஒருத்தன். இவர்கள்தான் நாளைக்குப் பெரிய நிறுவனங்களை நடத்தப் போகிறவர்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். அவளால் சகிக்க முடியாதது கூடை விஷயம்.

அந்தக் கல்லூரிகள் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்ப்பதில்லை. மென்பொருள்காரர்களை மென்பொருள்காரர்களோடு, வங்கிக்காரர்களை வங்கிக்காரர்களோடு, டாக்டர்களை டாக்டர்களோடு வைத்துப் பார்ப்பார்கள். ஒரே மாதிரி ஆட்கள் பத்துப் பேர் வந்தால் ஒருத்தரை, மிஞ்சிப்போனால் இரண்டு பேரை எடுப்பார்கள். இதற்கு அலுவலகத்தில் கூடை என்று பெயர். இரண்டு வாடிக்கையாளர்கள் ஒரே கூடையில் விழுந்து, ஒரே கல்லூரிக்கு ஆசைப்பட்டால் முதலாளிக்கு மூக்கு வியர்த்துவிடும். யார் பசை உள்ள இடமோ அவனை அனுப்புவார். மற்றவனிடம் வாய்ப்பே இல்லை என்று சொல்லி வேறு பக்கம் தள்ளிவிடுவார்.

அன்றைக்கும் அதுதான் நடந்தது. மரம் நடும் அம்மாவின் மகன் கெட்டிக்காரன். அம்மாவுக்குத்தான் கிறுக்கு. தராசு மேடம் இன்டர்காமில் "ஐம்பத்தஞ்சு" என்றாள். "ம்" என்றார் முதலாளி. போனை வைத்துவிட்டு, நாக்கூசாமல், "உள்ளே மேடம் பார்த்துட்டாங்கம்மா. இருபதுதான் சொல்றாங்க. மேடம் சொன்னா சொன்னதுதான், மாத்த முடியாது," என்றார்.

அதே கூடையில் ஒரு சிமென்ட் வியாபாரியின் பிள்ளை இருந்தான். எல்லாச் சேவைக்கும் முன்பணம் கட்டியவன். அவனுக்கு அவள் சொன்ன எண் முப்பது.

அம்மாவோடு வந்திருந்த பையன் நாற்காலியை நகர்த்தி எழுகிற சத்தம் மட்டும் கேட்டது. தராசு மேடம் மேஜை விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டாள். எண் என்னுடையது, வாய் அவருடையது. நான் சொன்ன எண் சுத்தம். அதை அவர் வெளியே என்னவாக விற்கிறார் என்பது அவர் பாவக் கணக்கு. இப்படித்தான் அவள் எத்தனையோ வருஷமாகத் தன் மனசைத் தட்டித் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். நன்றாகவும் தூங்கினாள்.

வீட்டில் அவள் சித்தி. அக்காள் வேறு ஊரில் வேலை பார்த்ததால் அக்காள் மகள் கல்லூரிக் காலத்திலிருந்தே இவளோடுதான் இருந்தாள். வீட்டில் அவளைப் பாப்பா என்பார்கள். பாப்பாவுக்கு வயது இருபத்தாறு. மென்பொருள் நிறுவனத்தில் நல்ல வேலை. சித்திக்குத் தலைவலி என்றால் கேட்காமலே காபி போட்டுக் கொடுப்பாள். தன் வயிற்றில் பிறக்கவில்லையே தவிர, மற்றபடி எல்லாம் தன் பெண்தான் என்று தராசு மேடம் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வாள்.

சாப்பாட்டு மேஜைதான் அவர்கள் அரட்டைக் கச்சேரி. அலுவலகத்து அசிங்கத்தை எல்லாம் தராசு மேடம் அங்கேதான் கொட்டுவாள். முதலாளி மாதிரியே தொண்டையைக் கனைத்து, "சர்க்கரை பத்தாதும்மா," என்று அவள் நடித்துக் காட்டினால் பாப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறிவிடுவாள். கூடை விஷயமும் பாப்பாவுக்கு அப்படித்தான் தெரியும். யாரைத் தள்ளினார், என்ன சொல்லித் தள்ளினார் என்று ஒன்று விடாமல் கேட்பாள்.

"அந்தப் பையன் என்ன பண்ணுவான் சித்தி?"

"என்ன பண்ணுவான்? நம்பிட்டுப் போவான். மேடம் சொன்னா சொன்னதுதானே," என்று சித்தி தட்டை வழிப்பாள்.

அந்த வருஷம் பாப்பாவே விண்ணப்பிக்கிறேன் என்று கிளம்பினாள். சித்தி சலுகை காட்டவில்லை. கோப்பை முழுக்கப் படித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நாற்பது," என்றாள். பாப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு தானே வந்து, சொந்தச் சித்தியிடமே நிஜமான எண் கிடைக்கிறது என்றால் அது அதிர்ஷ்டம்தான் என்று சமாதானம் ஆனாள். சித்திக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, சாப்பிடும்போது, பாப்பா போனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சித்தி, ஒருத்திக்கு எண் சொல்லுங்களேன். ஆபீஸ்ல ஒரு பொண்ணு. என் வயசுதான். ஆஸ்பத்திரிகளுக்கு பில் போடற மென்பொருள் பண்றா. மார்க் என்னோடதை விட ஒரு பிடி கூட."

"அது மட்டும் போதாது. வேற என்ன?"

"ஒரு கிளை ஆபீஸை மூடச் சொல்லி இவளை அனுப்பினாங்க. மூடிட்டு வரவேண்டியதுதானே? அங்க இருந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் வேற இடத்துல வேலை தேடிக் கொடுத்துட்டுத்தான் வந்தா. அதைத்தான் கட்டுரையா எழுதியிருக்கா. அலங்காரமே இல்லாம, யார் யாருக்கு என்ன வேலை கிடைச்சதுன்னு."

தராசு மேடம் கையில் எடுத்த கவளத்தைக் கீழே வைத்தாள். வருஷக்கணக்கில் புளுகுமூட்டைகளையே பிரித்துப் பார்த்தவளுக்கு வெயிலில் தண்ணீர்ப் பந்தலைப் பார்த்த மாதிரி இருந்தது.

"அறுபத்தஞ்சு," என்றாள். "யாரு அவ?"

"ஆபீஸ்ல ஒருத்தி," என்றாள் பாப்பா. சரியாகச் சாப்பிடாமல் எழுந்துபோய்க் கை கழுவினாள். வேலைக் களைப்பு என்று சித்தி நினைத்துக்கொண்டாள்.

பாப்பா விண்ணப்பத்தை அனுப்பியாயிற்று. கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசல் மணி அடித்தது. சுருட்டை நின்றுகொண்டிருந்தாள். பாப்பாவுக்கு அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரி. தலைமுடி சுருள் சுருளாக இருப்பதால் அந்தப் பெயர். இதற்கு முன்பும் வந்திருக்கிறாள், இந்த வீட்டில் சாப்பிட்டும் இருக்கிறாள். கையில் ஒரு பை நிறையப் பழம்.

"பாப்பா கடைக்குப் போயிருக்கா. உட்காரும்மா, வந்துடுவா."

"உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் ஆன்ட்டி. நன்றி சொல்லணும்னு." பழப் பையை மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கா? எதுக்கு?"

"என் ஃபைலைப் பார்த்துச் சொன்னதுக்கு. நீ கெட்டிக்காரி, கண்டிப்பா கிடைக்கும்னு எல்லாரும் ஏத்திவிட்டுட்டே இருந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் உள்ளதைச் சொன்னீங்க. பதினஞ்சுன்னு கேட்டதும் முதல்ல அழுதேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, கனவு கண்டுட்டே வருஷத்தை ஓட்டறதை விட இது எவ்வளவோ மேல். வெளியூர் ஆபீஸுக்கு மாத்தலாகிப் போறேன்னு சொல்லிட்டேன். மூணு வருஷ ஒப்பந்தம். நாளைக்குக் கையெழுத்து."

தராசு மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தப் பெண் வேறு யாரோடோ தன்னைக் குழப்பிக்கொள்கிறாள் என்று தோன்றியது. உன் கோப்பை நான் பார்த்ததே இல்லையே என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

"நீ என்ன வேலைம்மா பார்க்கறே?"

"பாப்பா சொல்லலையா? ஆஸ்பத்திரி பில்லிங்."

"ஒரு கிளையை மூடினியே..."

"ஆமா ஆன்ட்டி! அந்தக் கட்டுரையைத்தான் நீங்க ரொம்பச் சாதாரணம்னு சொன்னீங்களாம். நானும் அப்புறம் படிச்சுப் பார்த்தேன். சாதாரணமாத்தான் இருக்கு." அவள் சிரித்தாள். தன்னைத் தானே மட்டம் தட்டிக்கொள்ளும் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் தராசு மேடம் தலையைத் திருப்பிக்கொண்டாள். பினாயிலும் ரோஜாவும் கலந்த அந்த வாடை தன் வீட்டுக் கூடத்திலேயே அடிப்பதுபோல் இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பாப்பா கையில் பையோடு உள்ளே வந்தாள். சுருட்டையைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"பாப்பா," என்றாள் தராசு மேடம். "அன்னிக்குச் சாப்பிடும்போது இவளுக்கு நான் என்ன எண் சொன்னேன்?"

"சித்தி, அப்புறம் பேசலாம்."

"இப்போ சொல்லு."

பாப்பா பையைக் கீழே வைத்தாள். உள்ளே இருந்து ஒரு சோப்பு உருண்டு வந்தது. அதைக் குனிந்து எடுப்பதில் கொஞ்ச நேரத்தைக் கழித்தாள்.

"அறுபத்தஞ்சு."

சுருட்டை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்று விழுந்தது.

"பதினஞ்சுன்னு சொன்னியே?"

"உன் நல்லதுக்குத்தான்டி," என்றாள் பாப்பா. "நாம ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ், ஒரே கூடை, ஆசைப்பட்டதும் ஒரே காலேஜ். ரெண்டு பேரும் மோதிக்கிட்டா ரெண்டு பேருக்கும் நஷ்டம். உனக்கு வேற காலேஜ் பேர்கூட எழுதிக் கொடுத்தேன்ல?"

"உனக்கு எவ்வளவு சொன்னாங்க?"

பாப்பா சோப்பைப் பைக்குள் போட்டாள். தராசு மேடம்தான், "நாற்பது," என்றாள்.

சுருட்டை தலையை ஆட்டிக்கொண்டாள். கோபப்படுவாள், கத்துவாள் என்று தராசு மேடம் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் பத்து நாள் இருக்கும்மா," என்று தராசு மேடம் அவசர அவசரமாக ஆரம்பித்தாள். "கையெழுத்துப் போடாதே. நான் லீவு போட்டுட்டு உன்கூட உட்கார்றேன். கட்டுரையில ஒரு வரிகூட மாத்த வேண்டாம். உன் மேலதிகாரிகிட்ட என்ன கேட்கணும்னு நான் சொல்றேன். அறுபத்தஞ்சும்மா. நான் சும்மா சொல்ல மாட்டேன். என் எண் பிசகினதே இல்லை."

சுருட்டை நிமிர்ந்து பார்த்தாள்.

"பதினஞ்சும் உங்க எண்ணுன்னுதானே ஆன்ட்டி வந்தது? இது மட்டும் உங்களோடதுன்னு நான் எப்படி நம்பறது?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் நகர்ந்த நாற்காலிகளின் சத்தம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தராசு மேடத்தின் காதில் விழுந்தது. அந்தப் பையன்களும் பெண்களும் அத்தனை பேரும் அவள் பெயரைத்தானே நம்பிப் போனார்கள். இருபதும் பதினைந்தும் பத்தும் ஊர் முழுக்க அவள் எண்ணாகத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. கை சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை இப்போது எங்கே துடைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கையெழுத்துப் போடல," என்றாள் சுருட்டை எழுந்துகொண்டே. "அப்ளிகேஷன் போடத்தான் போறேன். உங்க உதவி எதுவும் வேண்டாம். எண்ணும் வேண்டாம்."

பாப்பாவைத் தாண்டி வாசல் வரை போனாள். பிறகு திரும்பி வந்து, மேஜைமேல் இருந்த பழப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

கதவு சாத்திக்கொண்டது.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?" என்றாள் தராசு மேடம். "கூடப் பழகினவகிட்டப் பொய் சொல்ல உனக்கு வாய் கூசலையா? சீ! என் வீட்ல வளர்ந்த பொண்ணா நீ?"

"உங்க வீட்ல வளர்ந்த பொண்ணுதான்," என்றாள் பாப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் என்ன புதுசாவா பண்ணினேன்? தினம் தினம் நீங்க சொன்னதுதானே? அந்தப் பசங்களை எல்லாம் தள்ளிவிடும்போது நீங்க ஒரு வார்த்தை பேசலை. வீட்டுக்கு வந்து நடிச்சுக் காட்டினீங்க, நாம சிரிச்சோம்."

"அது அவர் தொழில்டி. நான் எண்ணை மட்டும்தான்..."

"எனக்கும் எண்ணை மட்டும்தான் சொன்னீங்க."

தராசு மேடம் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாளைக்கு அந்த உள் அறைக்குள் எப்படிப் போய் உட்காருவது, அந்த இன்டர்காமை எப்படிக் காதில் வைப்பது என்று நினைத்தபோதே உடம்பு கூசியது. எதிரில் நின்றவளைப் பார்த்தாலும் கூசியது. கேட்காமல் காபி போட்டுக் கொடுக்கிற பெண். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொள்வதுகூட அப்படியே தன்னைப்போல.

பாப்பா சோப்பையும் மற்ற சாமான்களையும் எடுத்து அலமாரியில் அடுக்கினாள். பையை மடித்து வைத்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"சித்தி..."

"என்ன?"

"அவ இப்போ அதே காலேஜுக்குப் போட்டா, என்னோட நாற்பது எவ்வளவாகும்?"

தராசு மேடத்துக்கு அவளை அடிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் கேள்வி முடிவதற்கு முன்பே உள்ளுக்குள் கணக்கு ஓடி முடிந்துவிட்டது. ஒரே அலுவலகம், ஒரே கூடை, சுருட்டைக்கு மார்க் ஒரு பிடி கூட, கட்டுரை எங்கேயோ உயரத்தில் இருக்கிறது. இருபத்தைந்து. யோசிக்கவே இல்லை, தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. அது சரியான எண்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

எழுந்துபோய்க் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினாள். பாப்பா பின்னாலேயே வந்து, துண்டை நீட்டிக்கொண்டு, பதிலுக்காக நின்றாள்.